ரேடியேஷன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்?

டெல்டா_சிஸ்டர்:

பொது மருத்துவ வார்டில் இருந்த என்னைப் போன மாதம் ரேடியேஷன் ஆன்காலஜிக்கு மாற்றினார்கள். தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் லினாக் ஒன்று, உடம்புக்குள் குழாய் வைத்துக் கதிர் கொடுக்கும் பிராக்கி ஒன்று, பழைய கோபால்ட் மெஷின் ஒன்று, அதே தளத்தின் கோடியில் கதிரியக்க அயோடின் மருந்து வாங்கும் தைராய்டு நோயாளிகளுக்கான தனி அறைகள். வந்த அன்று மருந்து அலமாரிச் சாவி, ரெஜிஸ்டர், ஸ்டாக் கணக்கு எல்லாம் எண்ணி எண்ணிக் கைமாற்றினார்கள், ரேடியேஷன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் "சிகப்பு லைட் எரிஞ்சா உள்ளே போகாதீங்க சிஸ்டர், அவ்வளவுதான்" என்கிறார்கள்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, வீட்டில் மாமியார் தினமும் அந்த வேலையை விட்டுவிடு என்கிறார். என் சந்தேகங்கள் இவைதான். கரண்ட் (ரேடியேஷன்) வைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பும் நோயாளியைத் தொட்டால் எனக்கு ஏதாவது வருமா? டெக்னீஷியன்களுக்கு வாங்கிய கதிரை அளக்கும் பேட்ஜ் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை? லெட் (ஈய) ஏப்ரன் போட்டுக்கொண்டால் போதுமா? பயமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள், அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

பங்கர்வாசி:

ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் நான். சிரிக்கிறவர்களை விடுங்கள் சிஸ்டர், அவர்களும் முதல் மாதத்தில் உங்களைப் போலத்தான் இருந்திருப்பார்கள்.

லினாக்கிலோ கோபால்ட்டிலோ வெளியிலிருந்து கதிர் வாங்கிக்கொண்டு வருகிற நோயாளியின் உடம்பில் எதுவும் தங்காது. டேபிளைவிட்டு இறங்கியதும் அவர் உங்களையும் என்னையும் போலத்தான். தொடலாம், குளிப்பாட்டலாம், டிரெஸ்ஸிங் மாற்றலாம், அவர் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டியதில்லை. பிராக்கியிலும் இப்போது பெரும்பாலும் எச்டிஆர் (குறைந்த நேரத்தில் அதிக டோஸ்) முறைதான், ஸோர்ஸ் என்கிற கதிரியக்கத் துண்டு சில நிமிடம் உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு மெஷினுக்கே திரும்பிவிடும். திரும்பியதா என்று கதிரை அளக்கும் சர்வே மீட்டரால் பார்த்த பிறகுதான் நோயாளியை வெளியே விட வேண்டும், அந்தப் "பார்த்த பிறகு" ரொம்ப முக்கியம். அயோடின் நோயாளி மட்டும் வேறு கணக்கு. அவர் மருந்தையே உள்ளே வாங்கியிருக்கிறார், எச்சில், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் அது வரும்.

அடுத்து அந்தச் சிகப்பு லைட். லினாக் மின்சாரத்தில் ஓடுகிற மெஷின், பீம் நின்றால் கதிர் நின்றது. பீம் சக்தியை 10 எம்விக்கு (மெகாவோல்ட்) மேல் வைத்து ஓட்டினால் மட்டும் நியூட்ரானால் மெஷின் தலைக்குள் சில பாகங்கள் கொஞ்ச நேரம் கதிரியக்கத்தோடு இருக்கும், அதனால் பீம் நின்றதும் விழுந்தடித்து ஓடாமல் ஒரு நிமிடம் நிதானித்துப் போவோம். கோபால்ட் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் கோபால்ட்-60 இரவு பகல் பார்க்காமல் கதிர் விட்டுக்கொண்டேதான் இருக்கிறது, அரை ஆயுள் 5.27 வருடம், கனமான கவசத்துக்குள் அதை அடைத்து வைத்திருக்கிறோம், அவ்வளவே. லைட் பச்சையாக இருக்கிறது, ஏசியும் ஓடுகிறது என்று அந்த அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஃபைல் எழுதுகிற சிஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். கவசத்தைத் தாண்டிக் கசிவது சொற்பம்தான், இருந்தாலும் எதற்கு?

வெயிலூர்_வாசகன்:

மன்னிக்கவும், நான் மருத்துவத்துறை இல்லை, தேடி வந்து படித்தேன். அம்மாவுக்கு மார்பில் கரண்ட் வைத்தபோது வார்டில் ஒரு சிஸ்டரே "பேத்தியைப் பக்கத்தில் விடாதீங்க" என்று சொன்னார். நாங்கள் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்தோம். சிகிச்சை முடியும்வரை அம்மா குழந்தையைத் தூக்கவே இல்லை. இப்போது இதைப் படித்தால் அது தேவையே இல்லை என்று தெரிகிறது.

பங்கர்வாசி:

தேவையே இல்லை சார். அந்த சிஸ்டர்மேலும் கோபப்பட முடியாது, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அயோடின் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கையை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் இடத்தில் இப்போது சிகிச்சைக்கு முன் அளவெடுக்கும் சிமுலேஷன் நாளிலேயே குடும்பத்தையும் உட்கார வைத்து, "வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்கிறோம். எழுதிக் கொடுத்தால் மடித்து ஃபைலில் வைத்துவிடுகிறார்கள்.

மில்லிசீவர்ட்:

மெடிக்கல் பிசிசிஸ்ட் (மெஷினின் டோஸை அளந்து சரிபார்ப்பவன்), ஆர்எஸ்ஓ (கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி) பொறுப்பும் என்னிடம். பேட்ஜ் கேள்விக்கு வருகிறேன்.

இந்தியாவில் கதிர்ப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் டோஸின் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1. வெளிக்கதிர் நோயாளிகளை வார்டில் மட்டும் பார்க்கிற சிஸ்டருக்கு பேட்ஜ் தேவையில்லை, அவருக்கு டோஸே வராது. ஆனால் நீங்கள் பிராக்கிக்கு உதவி செய்கிறீர்கள் என்றாலோ அயோடின் அறைக்குள் போகிறீர்கள் என்றாலோ உங்கள் பெயரில் பேட்ஜ் இருந்தாக வேண்டும். இன்னொருவர் பேட்ஜைக் கடன் வாங்கிக் குத்திக்கொண்டு போவது, "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று வெறுங்கையோடு போவது, இரண்டுமே தப்பு.

பேட்ஜைத் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளே ஒரு சின்னத் தகட்டில் மூன்று வட்ட வில்லைகள் இருக்கும். ஒன்றின்மேல் உலோக ஃபில்டர், ஒன்றின்மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. லேபில் சூடாக்கும்போது மூன்றும் விடும் வெளிச்சத்தை ஒப்பிட்டுத்தான் எவ்வளவு டோஸ், எந்த மாதிரிக் கதிர் என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிற சமாசாரம். அதாவது பேட்ஜ் உங்களைக் காப்பாற்றாது, அந்த நிமிடத்தில் எச்சரிக்கவும் செய்யாது, நடந்து முடிந்ததைப் பிறகு சொல்லும், அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் தெரிய வேண்டுமென்றால் பாக்கெட் டோசிமீட்டரும் சர்வே மீட்டரும் வேண்டும்.

இதில் இன்னொரு தலைவலி. கோட்டில் குத்தி, கோட்டை ட்ரீட்மென்ட் ரூம் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆள் கேன்டீனில், பேட்ஜ் பங்கருக்குள். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் எகிறி வரும், அப்புறம் விசாரணை, விளக்கக் கடிதம், எல்லாம் என் தலையில்.

டெல்டா_சிஸ்டர்:

ரொம்ப நன்றி சார், நான் பிராக்கிக்கும் போகிறேன், அயோடினுக்கும் போகிறேன். அப்படியென்றால் எனக்கு பேட்ஜ் இருந்திருக்க வேண்டும், இல்லையா? அந்த லெட் ஏப்ரன்?

மில்லிசீவர்ட்:

இருந்திருக்க வேண்டும். உங்கள் ஆர்எஸ்ஓவிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று வரும்.

ஏப்ரன் எக்ஸ்ரே, கேத் லேபுக்கு (இதய ரத்தக்குழாய் பார்க்கும் அறை) நல்லது. அது அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமம். கோபால்ட் கதிரைப் பாதியாகக் குறைக்கவே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும், அயோடின்-131-க்குச் சுமார் 3. ஆகவே ஏப்ரனை மாட்டிக்கொண்டு அயோடின் அறைக்குள் போகிறவர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை, பாரத்தில் மெதுவாக வேலை செய்து அதிக நேரம் நிற்பதால் கூடுதலாக வாங்கிக்கொண்டு வரவும் வாய்ப்பு உண்டு. இங்கே நம்மைக் காப்பது தூரமும் நேரமும்தான். ஒரு மீட்டரில் நிற்பதற்குப் பதில் இரண்டு மீட்டரில் நின்றால் கால்வாசி.

மருத்துவர்_ஓய்வில்:

இத்துறையில் ரொம்ப காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். இப்படி எழுதிப் பயத்தைக் கிளப்பாதீர்கள். இன்று ரேடியோதெரபி பணியாளரின் ஆண்டு டோஸ் பெரும்பாலும் வரம்பின் பக்கத்திலேயே போவதில்லை. கதவு திறந்தால் பீம் நிற்கும், அவசரப் பொத்தான் சுவருக்குச் சுவர், கேமரா, இன்டர்காம், அறையில் கதிர் இருந்தால் காட்டும் ஜோன் மானிட்டர். மெஷின்கள் நம்மைவிட உஷார். புதிய சிஸ்டருக்குச் சொல்ல வேண்டியது, உங்கள் வேலையைப் பாருங்கள், ரேடியேஷனை பிசிசிஸ்ட் பார்த்துக்கொள்வார் என்பதே.

மில்லிசீவர்ட்:

டோஸ் பற்றி நீங்கள் சொல்வது உண்மை சார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடைசி வரியில்தான் சண்டைக்கு வருகிறேன்.

தெராக்-25 என்ற லினாக்கின் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, சிஸ்டருக்காகச் சொல்கிறேன். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த மெஷின் ஆறு நோயாளிகளுக்குக் கண்டபடி டோஸ் கொடுத்தது. டெக்சாஸ் மாநிலம் டைலரில் 1986 மார்ச்சில் நடந்ததை மட்டும் பாருங்கள். நோயாளி உள்ளே, ஆபரேட்டர் வெளியே. கன்சோலில் "மால்ஃபங்ஷன் 54" என்று வந்து மெஷின் நின்றது. அது என்ன என்று யாரும் அவருக்கு விளக்கிச் சொன்னதில்லை, இந்த மாதிரிச் செய்திகள் அந்த மெஷினில் அடிக்கடி வரும், தொடர ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்கினார். உள்ளே அந்த மனிதர் முதல் அடியிலேயே துடித்து எழுந்திருக்கப் பார்க்கிறார், இரண்டாவது அடி கையில் விழுகிறது. ஆபரேட்டருக்கு எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் அன்றைக்கு வீடியோ மானிட்டர் பிளக் பிடுங்கிக் கிடந்தது, இன்டர்காம் பழுது. நோயாளி கதவுக்கு வந்து தட்டிய பிறகுதான் தெரிந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார்.

அடுத்த மாதமே அதே இடத்தில் இன்னொரு நோயாளி. இந்த முறை இன்டர்காம் வேலை செய்தது, சத்தமும் முனகலும் கேட்டு ஆபரேட்டர் உடனே உள்ளே ஓடினார். அந்த நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் மெஷினில்தான் கோளாறு என்று நிரூபணமானது அங்கேதான். அந்த ஆபரேட்டர் தான் எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் திரையில் திருத்தினேன் என்று ஞாபகம் வைத்திருந்ததைக் கொண்டு, அவரும் அங்கிருந்த பிசிசிஸ்டும் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்து அதே கோளாறை வரவழைத்தார்கள். இந்த மெஷின் அதிக டோஸ் கொடுக்கவே முடியாது என்று அதற்கு முன் சொல்லிக்கொண்டிருந்தது கம்பெனி.

பிசிசிஸ்ட் பார்த்துக்கொள்வார், சரி. பிசிசிஸ்டிடம் சொல்ல ஆள் வேண்டாமா?

பயோமெட்_பையன்:

இதற்கு ஜோடி இன்னொன்று இருக்கிறது, மெஷின் பழுதுபார்க்கும் பயோமெடிக்கல் ஆட்களான எங்கள் ஆட்கள் சம்பந்தப்பட்டது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் சரகோசா, 1990 டிசம்பர். லினாக் பழுதாகி பராமரிப்பு ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போகிறார். பிசிசிஸ்டுக்குத் தகவல் இல்லை, அளந்து பார்க்கவில்லை, சிகிச்சை ஆரம்பித்துவிட்டது. டெக்னீஷியன்கள் எந்த எனர்ஜியைத் தேர்ந்தெடுத்தாலும் கன்சோல் மீட்டர் 36 எம்இவி (எனர்ஜியின் அலகு) என்றே காட்டுகிறது. அதை அவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் இதில் கொடுமை. பார்த்துவிட்டு, மீட்டர் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மீட்டர் சொன்னதுதான் உண்மை. பத்து நாள்போலச் சிகிச்சை நடந்து 27 நோயாளிகள் அதிக டோஸ் வாங்கினார்கள், அவர்களில் பலர் இறந்தார்கள்.

எங்கள் பக்கம் நின்று சொல்கிறேன், மெஷினைத் திறந்த பயோமெட் ஆள் "முடிஞ்சுது, ஓட்டிக்கோங்க" என்று சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். எதைக் கழற்றினேன், எதை மாற்றினேன் என்று லாக் புக்கில் எழுதி, பிசிசிஸ்ட் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் நோயாளி. அவசரம், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பார்கள். காத்திருக்கட்டும்.

மருத்துவர்_ஓய்வில்:

நீங்கள் இருவரும் சொன்னவை பழைய மெஷின்கள். இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. அதோடு ஒன்று சொல்கிறேன், அலாரத்தை ஊழியர்கள் அலட்சியம் செய்வது சோம்பலால் மட்டும் இல்லை. வீணாகக் கத்தும் அலாரத்தை யார்தான் மதிப்பார்கள்? அதைச் சரிசெய்யாத நிர்வாகத்தைக் கேளுங்கள், ஊழியருக்கு வகுப்பு எடுத்துப் பயன் இல்லை.

ராத்திரி_டூட்டி:

நியூக்ளியர் மெடிசின் நர்ஸ். டாக்டர் சொன்ன அலாரம் விஷயம் நூற்றுக்கு நூறு சரி, அதே காரணத்தால் நடந்ததுதான் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து இண்டியானா என்ற ஊர்ச் சம்பவம், 1992 நவம்பர். எச்டிஆர் பிராக்கி. வயதான அம்மா ஒருவர், சிகிச்சையின்போது இரிடியம்-192 ஸோர்ஸ் கம்பியிலிருந்து முறிந்து அவர் உடம்பில் வைத்திருந்த குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. சுவரில் இருந்த மானிட்டர் அடித்தது. அடித்தது! ஆனால் அது முன்பும் பலமுறை சும்மா அடித்ததால், மெஷின் திரை ஸோர்ஸ் உள்ளே வந்துவிட்டது என்று காட்டியதை நம்பி, இதுவும் பொய் அலாரம் என்று விட்டுவிட்டார்கள். கையில் பிடிக்கிற சர்வே மீட்டர் இருந்தது, எடுத்து ஒரு தடவை நோயாளிமேல் காட்டவில்லை. அவரை முதியோர் இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு நாளில் குழாய் தானாகக் கழன்று விழ, விஷயம் தெரியாத பணியாளர்கள் அதை மருத்துவக் குப்பையில் போட்டார்கள். மறுநாள் அந்த அம்மா இறந்தார். குப்பையைக் கையாளும் நிறுவனத்தில் ரேடியேஷன் டிடெக்டர் அடித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. இல்லத்தில் இருந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், பணியாளர்கள் என்று 94 பேர்மேல் கதிர் பட்டிருந்தது.

அந்த இல்லத்து நர்ஸ்கள் ரேடியேஷன் பிரிவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மில்லிசீவர்ட்:

இந்த மாதிரி ஸோர்ஸ் எவ்வளவு வீரியம் என்பதற்கு ஒரு கணக்கு. புதிதாக வாங்கிய எச்டிஆர் ஸோர்ஸ் சுமார் 10 கியூரி (கதிரியக்க வீரியத்தின் அலகு). கவசம் இல்லாமல் அது வெளியே இருந்தால் ஒரு மீட்டர் தள்ளி மணிக்கு ஏறத்தாழ 40 மில்லிசீவர்ட். பொதுமக்களின் ஒரு வருட வரம்பு ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். பத்து சென்டிமீட்டரில் இதுபோல் நூறு மடங்கு, நம்முடைய வருடச் சராசரியான 20 மில்லிசீவர்ட் இருபது விநாடிக்குள். அதனால்தான் கையால் தொடவே கூடாது என்கிறோம், நீளமான ஃபோர்செப்ஸ் அறைக்குள்ளேயே தொங்குகிறது.

டெல்டா_சிஸ்டர்:

எங்கள் பிராக்கி அறையிலும் ஒரு கனமான ஈயப் பாத்திரம், நீள ஃபோர்செப்ஸ், ஒரு கட்டர் இருக்கிறது. எதற்கு என்று இன்றுதான் புரிகிறது. பாத்திரத்துமேல் யாரோ பெட்ஷீட் மடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பங்கர்வாசி:

பெட்ஷீட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஸோர்ஸ் மாட்டிக்கொண்டால் வரிசை இதுதான்: கன்சோலில் எமர்ஜென்சி ஸ்டாப், திரும்பவில்லை என்றால் உள்ளே போய் மெஷினில் உள்ள கைப்பிடியைச் சுற்றி இழுப்பது, அதற்கும் வரவில்லை என்றால் டாக்டர் அப்ளிகேட்டரையே (ஸோர்ஸ் போகும் குழாயையே) நோயாளியிலிருந்து எடுத்து ஈயப் பாத்திரத்தில் போடுவது, நோயாளியை வெளியே கொண்டுவந்து மீட்டரால் பார்ப்பது, கதவைப் பூட்டுவது. இதில் உங்கள் பங்கு என்ன என்று இப்போதே கேட்டு வையுங்கள். நோயாளி அனஸ்தீசியாவில் இருப்பார், நடக்க மாட்டார். ட்ராலி வெளியே தயாராக நிற்கிறதா, ஆக்சிஜன் கழற்றுவது யார், நேரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பது யார்? நேரம் சொல்கிற வேலையை நர்ஸுக்குக் கொடுத்தால் நல்லது என்பது என் அனுபவம், பதற்றத்தில் உள்ளே இருப்பவருக்கு இரண்டு நிமிடம் அரை நிமிடமாகத் தோன்றும்.

கோபால்ட்டில் ஸோர்ஸ் திரும்பாவிட்டால் நோயாளி நடக்கக் கூடியவர் என்றால் இன்டர்காமில் "எழுந்து வெளியே வாங்க" என்று கூப்பிட வேண்டும். முகத்தில் மாஸ்க் போட்டு டேபிளோடு கட்டியிருந்தால் அவரால் முடியாது, நாம்தான் உள்ளே போக வேண்டும், பீம் பாதையைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கிப் போய் டேபிளை இழுத்து அவிழ்க்க வேண்டும். முதலில் நோயாளி. ஸோர்ஸைத் தள்ளுகிற டி வடிவக் கம்பி அப்புறம்.

வல்வை_அலை:

யாழ்ப்பாணப் பக்கம், கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் வேலை. எங்கட பிரிவில் ஒரு சின்ன ஏற்பாடு, சொல்லிவிட்டுப் போகிறேன். வேலைநேரம் மாறும்போது இரண்டு பக்கத்து ஆட்களும் கட்டாயம் கன்சோல் முன்னால் நின்றுதான் பொறுப்பு மாற்றுவார்கள், தேநீர் அறையில் வைத்து இல்லை. இன்டர்காமில் கதைத்துப் பார்ப்பது, கமராப் படத்தைப் பார்ப்பது, கதவு திறந்தால் நிற்குதா என்று பார்ப்பது, "இண்டைக்கு வழமைக்கு மாறாக என்ன நடந்தது" என்று கேட்பது. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுத வேணும். மேலே அந்த ஊசிக் கதையை வாசித்தபிறகு இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை இன்னும் விளங்குது.

பயோமெட்_பையன்:

அருமையான ஏற்பாடு அண்ணா. திருடப் போகிறேன்.

ஒப்பந்தக்காரன்:

நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், ஒப்பந்த நிறுவனம். எல்லோரும் டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் என்றே பேசுகிறீர்கள், பங்கரை யார் பெருக்குகிறார்கள்? என் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். மாதா மாதம் ஆள் மாறுகிறார்கள். கதவில் மூன்று இதழ்ச் சின்னம், கீழே தமிழ், ஆங்கிலம். இந்தி மட்டும் படிக்கத் தெரிந்த பையனுக்கு அது ஃபேன் படம்! ஒரு முறை காலையில் மெஷின் வார்ம்அப் நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் மேஸ் என்கிற வளைந்த நுழைவழியில் மாப் போட்டுக்கொண்டிருந்தான், டெக்னீஷியன் அண்ணன் உள்ளே நடந்து பார்த்ததால் வெளியே அனுப்பினார். அவர் பார்க்காமல் கதவை மூடியிருந்தால்?

அயோடின் அறை இன்னும் மோசம். பயந்துபோய்ச் சிலர் உள்ளேயே போவதில்லை, குப்பை நாற்றம் எடுக்கிறது. இன்னும் சிலர் எந்தப் பயமும் இல்லாமல் எல்லாக் குப்பையையும் ஒன்றாகக் கட்டிக் கீழே அனுப்பிவிடுகிறார்கள்.

பங்கர்வாசி:

அதற்காகத்தான் உள்ளே "கடைசி ஆள்" பொத்தான் இருக்கிறது. அறைக்குள் போய், மெஷினுக்குப் பின்னால், மேஸ் வளைவில் எல்லாம் பார்த்துவிட்டு, அதை அமுக்கிவிட்டு, குறித்த விநாடிக்குள் வெளியே வந்து கதவை மூடினால்தான் பீம் வரும். சில பேர் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டு வருவார்கள், பார்க்க மாட்டார்கள். பொத்தானுக்குக் கண் கிடையாது. "யாராச்சும் உள்ளே இருக்கீங்களா" என்று சத்தமாகக் கேட்பதை வெட்கப்படாமல் செய்யுங்கள் என்று என் ஜூனியர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன், தமிழிலும் இந்தியிலும்.

ராத்திரி_டூட்டி:

அண்ணா, அயோடின் அறை பற்றி உங்களுக்கும் சிஸ்டருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

30 மில்லிகியூரிக்கு மேல் அயோடின் கொடுத்தால் தனி அறையில் அட்மிட். அயோடின்-131-க்கு அரை ஆயுள் 8 நாள், ஆனால் தைராய்டு எடுத்துவிட்ட நோயாளியிடம் முதல் இரண்டு நாளிலேயே பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். 100 மில்லிகியூரி குடித்தவரிடமிருந்து முதலில் ஒரு மீட்டரில் மணிக்கு சுமார் 0.2 மில்லிசீவர்ட் வரும். அதாவது மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு நிமிடத்தில் வருவதில் பயப்பட ஒன்றுமில்லை, பக்கத்தில் கதை பேசி ஒரு மணி நேரம் உட்காரக் கூடாது. என் பழக்கம் இது. மருந்து கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவேன். கழிப்பறையை எப்படிப் பயன்படுத்துவது, ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கணும், இரண்டு முறை ஃப்ளஷ், தண்ணீர் நிறைய, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் எந்தப் பையில், பெல் எங்கே. நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வேன், "புரிஞ்சுதா" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மருந்து போன பிறகு இன்டர்காம் அல்லது போன். சாப்பாடு வாசலில். பிபி பார்க்கப் போனால் மருந்து, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துக்கொள்வது, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பது, க்ளவ்ஸ், ஷூ கவர்.

ஆனால் நோயாளி மயங்கி விழுந்தால் இதெல்லாம் இரண்டாவது. ஓடிப்போய்த் தூக்குங்கள், சிபிஆர் கொடுங்கள். அந்தச் சில நிமிடத்தில் உங்களுக்கு வரும் டோஸ் சொற்பம், உயிர் பெரிது. இதைச் சொல்லாமல் விட்டதால் வாசலில் நின்று தயங்கிய ஆட்கள் உண்டு.

குப்பை, துணி எல்லாம் டிஸ்சார்ஜ் ஆனதும் எடுக்கக் கூடாது. மீட்டரால் பார்த்து, தேதி எழுதிப் பையில் கட்டி, தனி அறையில் வைத்து, வீரியம் அடங்கிய பிறகு பிசிசிஸ்ட் சொன்னால்தான் வெளியே. உங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும் அண்ணா, "இந்த அறையில் எதையும் சிஸ்டரைக் கேட்காமல் தொடாதே." அதை அவர்கள் மொழியில் ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

மருத்துவர்_ஓய்வில்:

மயங்கி விழுந்தால் ஓடு என்று எழுதினீர்களே அம்மா, அதற்கு நன்றி. இந்தத் தொனியில்தான் நானும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். டெல்டா_சிஸ்டருக்கு ஒன்று, குழந்தை பற்றிய பயத்தை மனதில் வைத்துப் புழுங்காதீர்கள். கர்ப்பம் உறுதியானதும் எழுத்தில் தெரிவியுங்கள், அதன் பிறகு மீதிக் காலம் முழுதும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை. வெளிக்கதிர் வார்டில் தாராளமாக இருக்கலாம். பிராக்கி, அயோடின் வேண்டாம். வேலையை விடத் தேவையில்லை என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

டெல்டா_சிஸ்டர்:

சொல்கிறேன் டாக்டர். எனக்கு இன்னொரு சந்தேகம், கொஞ்சம் சங்கடமான சந்தேகம். பிராக்கி முடிந்து நோயாளியை வெளியே எடுக்கும்போது மீட்டரால் பார்க்காமல் ட்ராலியைத் தள்ளச் சொன்னால் நான் என்ன செய்வது? சொல்கிறவர் பெரியவர், நான் புதுசு. "சார் மீட்டர்" என்றால் "எங்களுக்குத் தெரியாதா" என்று வரும். நேற்று வந்தது.

மில்லிசீவர்ட்:

வரும். இதற்கு விதிப் புத்தகத்தில் நேரடி மருந்து இல்லை, ஆனால் ஒரு வழி இருக்கிறது. வார்டு ரெஜிஸ்டரில் நீங்கள் நோயாளியைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி உங்கள் ஆர்எஸ்ஓவிடமும் நர்சிங் சூப்பரின்டென்டிடமும் கேளுங்கள்: "மீட்டர் அளவு, பார்த்தவர், நேரம்." கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் யாரையும் கேள்வி கேட்கவில்லை, "சார், நம்பர் எழுதணும்" என்றுதான் கேட்கிறீர்கள். எங்கள் இடத்தில் இப்படித்தான் சண்டை இல்லாமல் வழிக்கு வந்தது. ஆர்எஸ்ஓ இதற்கு மறுக்க மாட்டார், ஏனென்றால் நாளைக்கு ஏதாவது என்றால் அவர் கையெழுத்துத்தான் முதலில் தேடப்படும். அப்படியே, ஸோர்ஸ் மாட்டிக்கொண்டால் செய்வதற்கான ஒத்திகை எப்போது என்றும் கேட்டுவிடுங்கள், நர்சையும் ட்ராலியையும் வைத்துத்தான் நடத்த வேண்டும் என்று சொல்லுங்கள். பிசிசிஸ்டும் டெக்னீஷியனும் மட்டும் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற ஒத்திகை வேண்டாம்.

ஒப்பந்தக்காரன்:

எங்கள் ஆள் ஒருவரையும் அந்த ஒத்திகையில் நிற்க வையுங்கள் சார்.

மில்லிசீவர்ட்:

கண்டிப்பாக. என் இடத்திலும் இதுவரை கூப்பிட்டதில்லை, அடுத்த முறை கூப்பிடுகிறேன்.

டெல்டா_சிஸ்டர்:

இன்று எழுத்தில் கொடுத்துவிட்டேன், பேட்ஜுக்கும் ரெஜிஸ்டர் கட்டத்துக்கும். ஆர்எஸ்ஓ மேடம் படித்துவிட்டு "இதை ஏன் இத்தனை நாள் யாரும் கேட்கல" என்றார். பேட்ஜ் வரும்வரை அயோடின் அறைக்கு என்னை அனுப்பக் கூடாது என்று சூப்பரின்டென்டுக்கும் எழுதியிருக்கிறார். பிராக்கி அறைச் சுவரில் மாட்டியிருந்த சர்வே மீட்டரை எடுத்துக் காட்டினார், ஆன் செய்தால் ஊசி அசையவே இல்லை. பேட்டரியா, மீட்டரே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயோமெட்_பையன்:

குமிழை "பேட்" என்ற நிலைக்குத் திருப்புங்கள், ஊசி குறித்த பட்டைக்குள் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரி. புதுசு போட்டும் வரவில்லை என்றால் மீட்டர் போச்சு, வேறு மீட்டர் வரும்வரை பிராக்கி கேஸ் எடுக்காதீர்கள் என்று மேடத்திடம் சொல்லுங்கள். பேட்டரி சரி என்றால் சோதனைக்கென்று கூட வருகிற சின்ன செக் ஸோர்ஸ் பக்கத்தில் காட்டி அசைகிறதா பாருங்கள். பக்கவாட்டில் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் இருக்கும், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் அனுப்பணும். பேட்டரியை மீட்டருக்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், கசிந்து காண்டாக்ட் பச்சை பூத்துவிடும், பத்தில் ஐந்து மீட்டர் என்னிடம் வருவது அதற்குத்தான்.